இன்னாத்துக்கு

வேலூர்ப் பக்கம் வளராதவர்களுக்கு முதலில் இந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். 'இன்னாத்துக்கு' என்றால் எதற்கு, ஏன். "இன்னாத்துக்குமா வெயில்ல வந்தே?" என்று பெரியம்மா கேட்டால் அது அக்கறை. "உனக்கு இன்னாத்துக்கு அது?" என்று அதே பெரியம்மா கேட்டால் வாயை மூடிக்கொண்டு போ என்று பொருள். கேள்வி கேட்கவும் அந்தச் சொல்தான், கேட்ட கேள்வியை அமுக்கவும் அந்தச் சொல்தான். ஒன்பது வருடமாக நான் முதல் அர்த்தத்தில் கேட்டு, இரண்டாவது அர்த்தத்தில் பதில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேலை, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பிளான்ட்டில் லேப் கெமிஸ்ட். படிப்பு எம்.எஸ்சி. வேதியியல். வீடு சத்துவாச்சாரி. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து நான் தூங்குவது ஒரு மாவட்டம், சம்பாதிப்பது இன்னொரு மாவட்டம். காலையில் பஸ் ஏறினால் இரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு, அப்புறம் பாலாற்றுப் பாலம், முத்துக்கடை. ஜன்னல் ஓரம் கிடைத்தால் படிப்பேன். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே எதையாவது யோசிப்பேன். ஒரு நாளில் மூளைக்கு வேலை இருப்பது பெரும்பாலும் அந்தப் பயணத்தில்தான்.

லேபில் நாங்கள் நான்கு பேர். இன்சார்ஜ் சார், இன்னும் இரண்டு வருடத்தில் ரிடையர் ஆகிறவர். எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்த இன்னொரு கெமிஸ்ட். அவரை இங்கே மனைக்காரர் என்றே சொல்கிறேன், காரணம் பின்னால் தெரியும். கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா. அப்புறம் நான்.

மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ் திறக்கும். பேச்சும் அப்போது திறக்கும். சவரன் இன்றைக்கு என்ன விலை. யார் எவ்வளவு தள்ளிச் சீட்டு எடுத்தார்கள். யாருக்குச் சுகர் ஏறியிருக்கிறது, அதற்கு யார் வீட்டில் என்ன கஷாயம். எனக்கும் சுகர் பற்றிக் கவலை உண்டு, அப்பாவுக்கு இருக்கிறது. ஆனால் ஒன்பது வருடம், வாரத்துக்கு ஆறு நாள், அதே கஷாயம்.

இவர்களைக் குறை சொல்ல உட்காரும்போதெல்லாம் ஒரு விஷயம் குறுக்கே வந்து நிற்கும். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது இரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நான் ஒரு போன்தான் செய்தேன். மனைக்காரரும் இரண்டு ஆபரேட்டர்களும் ஷிப்டை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் வந்து நின்றார்கள். ஒருவர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வேறு வாங்கிவந்தார், அப்பாவுக்குச் சுகர் என்று நூறு முறை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர். நல்ல மனிதர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பேசத்தான் முடியவில்லை.

மூளை இல்லை என்றும் சொல்ல முடியாது. மனைக்காரரிடம் ஒரு தாய்ப்பத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு தலைமுறை விற்பனையை விரல்விட்டுச் சொல்லி, நடுவில் ஒரு தங்கை கையெழுத்துப் போடவில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். ஏழே முக்கால் சென்ட் எத்தனை சதுர அடி என்றால், சென்ட்டுக்கு 435.6 என்று மனதுக்குள்ளேயே பெருக்கிச் சொல்வார். அதே ஆள் லேபில் டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி அளப்பது) கணக்கை ஒன்பது வருடம் முன்னால் யாரோ எழுதி ஒட்டிவைத்த ஃபார்முலாவில் எண்ணைப் போட்டு எழுதிவிட்டுப் போவார். அதில் 8,000 ஏன் வருகிறது என்று ஒரு நாள் கேட்டேன். "அப்டித்தான் கீது" என்றார். கேமரா போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருகிற மாதிரி, மூளையையும் கேட்டில் டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் போல. மாலையில் பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பிப்ரவரியில் தொடங்கியது.

எங்கள் லேபில் தினம் நடக்கும் பெரிய டெஸ்ட் சி.ஓ.டி. தண்ணீரில் கிடக்கும் அழுக்கை முழுக்க எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்று அளப்பது. டியூபில் இரண்டரை மில்லி தண்ணீர், அழுக்கை எரிக்கும் டைகுரோமேட் ஒன்றரை மில்லி, மூன்றரை மில்லி வெள்ளி சல்பேட் கலந்த கந்தக அமிலம். மூடி, 150 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஆறியதும், நிறம் மாறிக் காட்டும் ஃபெரோயினை விட்டு, மிச்சமிருக்கும் டைகுரோமேட்டை அளக்கும் எஃப்.ஏ.எஸ். என்ற இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் மஞ்சள் மெல்லப் பச்சையாகி, நீலப்பச்சையாகி, அப்புறம் ஒரே ஒரு சொட்டில் சட்டென்று செங்காவி ஆகும். அந்த ஒரு சொட்டு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அதை மட்டும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன், வேலையே பிடிக்காதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கடைசித் தொட்டித் தண்ணீரில் பி.ஓ.டி., அதாவது பாக்டீரியா அழுக்கைத் தின்னப் பிடிக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 12, 15 மில்லிகிராம் என்று அழகாக வந்துகொண்டிருந்தது. 30க்குள் இருந்தால் போதும். சி.ஓ.டி. மட்டும் 250 என்ற எல்லையைத் தாண்டி 300, 320 என்று நின்றது. பாக்டீரியா தின்னாத சரக்கு தோல் கழிவில் உண்டுதான். தோலைப் பதனிடும் டானின், அதன் செயற்கை வகையான சின்டான் எல்லாம் அந்த வகை. ஆனால் ஒரு வாரம் 240, அடுத்த வாரம் 320 என்று ஏறி இறங்குகிறதே, வரும் சரக்கில் அப்படி மாற்றம் ஒன்றும் இல்லையே என்று மனது அரித்தது. பழைய ரிஜிஸ்டர்களை எடுத்து, ஒரு பத்தியில் சி.ஓ.டி., பக்கத்துப் பத்தியில் குளோரைடு (உப்பின் அளவு) என்று ஆறு மாதத்தை எழுதிப் பார்த்தேன். குளோரைடு ஏறிய நாளெல்லாம் சி.ஓ.டி.யும் ஏறியிருந்தது. பி.ஓ.டி. இருந்த இடத்திலேயே இருந்தது.

டைகுரோமேட்டுக்கு அழுக்கு எது, உப்பு எது என்று தெரியாது. குளோரைடையும் சேர்த்து எரித்துவிடும். கணக்குப்படி ஒரு கிராம் குளோரைடு 0.226 கிராம் சி.ஓ.டி. மாதிரி வேஷம் போடும். அதைத் தடுக்கத்தான் மெர்குரிக் சல்பேட் சேர்க்கிறோம், பாதரசம் குளோரைடைக் கட்டிப்போட்டுவிடும். ஆனால் வழக்கமாகப் போடும் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும்தான். நம் பக்கத்துத் தோலோ உப்புப் போட்டுப் பதப்படுத்தி வருவது. முதல் ஊறலிலேயே உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். பாக்டீரியா அழுக்கைத் தின்னும், உப்பை என்ன செய்யும்? வந்த உப்பு அப்படியே கடைசித் தொட்டி வரை நடந்து வரும். அங்கே குளோரைடு 6,000.

உள்ளே வரும் தண்ணீரில் இந்தக் கோளாறு தெரியாது. அதில் சி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் என்பதால் ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்துதான் டியூபில் ஊற்றுவோம். உப்பும் ஐம்பதில் ஒன்றாகிவிடும். கடைசித் தொட்டித் தண்ணீரைத்தான் அப்படியே ஊற்றுகிறோம். அதாவது, தண்ணீர் சுத்தமான இடத்தில்தான் டெஸ்ட் பொய் சொல்கிறது.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இதெல்லாம் டெஸ்ட் புத்தகத்திலேயே இருக்கிற எச்சரிக்கைதான். ஆனாலும் எங்கள் ரிஜிஸ்டரில், எங்கள் தொட்டியில், நானே பார்த்தது. மார்ச் மாதம், மதியச் சாப்பாட்டில், டிபன் பாக்ஸ் மூடியின் மேல் அந்தக் காகிதத்தை விரித்தேன். நம் பிளான்ட்டுக்கு நல்ல செய்திதானே, இருப்பதைவிட அதிகமாக அல்லவா காட்டிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

சார் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாத்துக்குமா இதப் போய் கிளறிகினு? பொல்யூஷன் போர்டுக்குப் போறது வெளி லேப் ரிசல்ட்டுதானே. நம்மளது உள்கணக்கு." மனைக்காரர் தயிர்சாதத்தில் மோர்மிளகாயை நொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா, "ஊறுகா போட்டுக்கோ" என்று என் மூடியில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் வைத்தாள். காகிதத்தின் மேல் எண்ணெய் இறங்கியது. பிப்ரவரி மூன்றாவது வாரம் இப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

சார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இதை ஒப்புக்கொண்டால் ஒன்பது வருட ரிஜிஸ்டருக்கும் பதில் சொல்ல வேண்டும். தீர்வும் சுலபமில்லை. பாதரசத்தைக் கூட்டினால், கழிவைச் சுத்தம் செய்யும் இடத்திலேயே விஷக் கழிவைப் பெருக்குவதாகும். மூன்று மடங்கு நீர்த்தால் உப்பு அடங்கும், ஆனால் எண் சின்னதாகி, அரைச் சொட்டுத் தவறு பெரிதாகிவிடும். அதே அளவு உப்புப் போட்ட பிளாங்க், அதாவது அழுக்கில்லாத தண்ணீர், வைத்துக் கழிக்கலாமா என்றால் அதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது இந்தச் சண்டைதான். "அது சரிப்படாதுமா, ஏன்னா..." என்று ஒருவர், ஒரே ஒருவர், அந்த 'ஏன்னா'வுக்கு அப்புறம் ஏதாவது சொல்லியிருந்தால் போதும். நான் தோற்றுப்போயிருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிப்பு முடித்ததும் முதல் வேலை பேரணாம்பட்டில், ஆட்டுத் தோலைப் பட்டையில் ஊறவைத்துப் பதனிடும் சின்னத் தொழிற்சாலை. அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். பட்டையில் ஊறி முடிந்த தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். இன்னாத்துக்குக் கடுக்காய் என்று கேட்டேன். ஆவாரம் பட்டைத் தோலுக்குப் பித்தம் அதிகமாம், வெயில் பட்டால் சிவந்துவிடுமாம், கடுக்காய் பித்தத்தை அடக்கிவிடுமாம். தோலுக்குப் பித்தம்! நான் சிரித்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. கடுக்காய் போட்ட துண்டு ஒன்று, போடாத துண்டு ஒன்று, இரண்டையும் ஜன்னலில் நான்கு நாள் காயவைத்துக் காட்டினார். போடாதது செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. ஆவாரம் பட்டையின் டானின் வெளிச்சத்தில் சிவக்கும் வகை, கடுக்காயின் டானின் வேறு வகை, அது சிவப்பைத் தடுக்கும் என்று நான் பிறகுதான் படித்தேன். அவருடைய காரணம் தப்பு. ஆனால் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அதை ஜன்னலில் வைத்துக் காட்டவும் தெரிந்திருந்தது. எம்.எஸ்சி. முடித்தவர்கள் நிறைந்த இடத்துக்கு மாறியபோது அந்த மாதிரிப் பேச்சு இன்னும் நிறையக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஒரு முறை வேறு வழியில் முயன்றேன். நாங்கள் எல்லாரும் சாப்பிடும் சோறே ஒரு தீர்ப்பிலிருந்து வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்தான் என்று அதில் சொல்லியிருக்கிறது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று நம் மாவட்டத்தின் அன்றைய பெயரோடு இருக்கும். அதில் மாவட்டம் மாவட்டமாகச் சொல்லி, ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் தோல் ஆலை நடத்த முடியாது என்று ஆனதே அதனால்தான். படித்துப் பாருங்கள், உலகம் முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு நம் பாலாறு ஒரு பாடம் என்று சொன்னேன். ஓர் ஆபரேட்டர் மட்டும், "அப்போ நம்ம பேர் வந்துகீதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது. அதுவாவது ஒரு கேள்வி.

இனி எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி. மே மாதம் ஒரு கல்லூரிப் பெண் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்தாள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மாலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நான் ரிஜிஸ்டரை முடித்துப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "அக்கா, எங்க புக்குல பி.ஓ.டி. அஞ்சு நாள், 20 டிகிரின்னு இருக்கு. இங்க ஏன் மூணு நாள், 27 டிகிரி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இது வெயில் நாடு, சூட்டில் பாக்டீரியா வேகமாகத் தின்னும், அங்கே ஐந்து நாளில் முடிவது இங்கே ஏறக்குறைய மூன்று நாளில் முடிந்துவிடும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் தலையைக்கூடத் தூக்காமல், "உனக்கு இன்னாத்துக்கு அது, எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க" என்றேன்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. கீழே மணலும் சீமைக்கருவேலமும். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வரைபடம் போட்டுக்கூட விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், நோட்டில் எழுதியும் கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு மிச்சமிருந்த மூன்று வாரத்தில் அவள் என்னிடம் கேட்டது எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும்தான்.

அந்தக் கடுப்பிலேயே ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து டெஸ்ட் வைத்தேன். லிட்டருக்கு 170 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கரைத்தால் சி.ஓ.டி. 200 வரவேண்டும், அதுதான் கணக்கு. அதில் மூன்று டியூப் வெறுமனே. இன்னும் மூன்று டியூபில் அதே கரைசலோடு லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு, அதாவது நம் கடைசித் தொட்டியின் குளோரைடு. வெறும் டியூபில் 198 வந்தது. உப்பு டியூபில் 260ஐ ஒட்டி. அழுக்கே கூடாமல் அறுபது கூடிவிட்டது. சார் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணிருக்கம்மா. ஃபைல்ல வை" என்றார். வைத்தேன்.

போன வாரம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, வேலை நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் இல்லாமல், இந்தப் பொய்க் கணக்கால் ஆலம் (படிகாரம்) வேறு வீணாகிறது என்று சும்மா சொன்னேன். 250ஐத் தாண்டினால் ஆலத்தைக் கூட்டு என்பது ஆபரேட்டருக்கு நிலையான உத்தரவு. படிகாரம் அழுக்கைக் கட்டியாக்கிக் கீழே இறக்கும், உப்பை அசைக்கக்கூட முடியாது.

மனைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு எத்தன மூட்ட எக்ஸ்ட்ரா போடறாங்க?"

"கூடின நாள்ல மூணு."

"அம்பது கிலோ மூட்ட. மாசத்துல பதினஞ்சு நாள்னு வச்சிக்க. ரெண்டே கால் டன்னு." பக்கத்தில் கிடந்த ஒரு காகிதத்தை இழுத்தார். ஸ்டோருக்குப் போன் போட்டுக் கிலோ விலை கேட்டார். எழுதினார். பிறகு நிமிர்ந்து, "அப்போ சகதியும் கூடுமே? போடற ஆலமெல்லாம் எங்க போவும்? அத்தக் காயவச்சி, லாரில ஏத்தி அனுப்பறதுக்கும் டன் கணக்குல காசு குடுக்கறமே" என்றார்.

நான் சகதியை யோசிக்கவே இல்லை. ஆறு மாதமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த விஷயத்தில் எனக்குத் தோன்றாத ஒன்றை அவர் இரண்டு வாய் டீக்குள் பிடித்துவிட்டார். கால் மணி நேரம் பேசினோம். நிஜமாகவே பேசினோம், குறுக்கே குறுக்கே மறுத்துக்கொண்டு. கடைசியில் அவர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "இன்னாத்துக்குமா இத்த இத்தன நாள் சொல்லல?"

மார்ச் மாதம், இதே மேஜை, நீங்கள் மோர்மிளகாய் நொறுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் போன் அடித்தது. "வடக்குப் பக்கம் அரை சென்ட் குறையுதுன்னா சர்வேயர இட்டுகினு வா, வாயால சொல்லாத" என்று பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கணக்குப் போட்ட காகிதம் மேஜையிலேயே கிடந்தது. பழைய ஒர்க் ஷீட்டின் பின்பக்கம். எடுத்து ஒரு முறை சரிபார்த்தேன். சகதியை உலர்ந்த எடையில் போட்டிருக்கிறார், ஈரத்தைச் சேர்க்கவில்லை. லாரியில் ஏறுவது ஈரத்தோடுதானே. நாளைக்குக் கேட்க வேண்டும்.